தடிப்பாக்கிய பெயர்

நகல் இயந்திரத்திலிருந்து வந்த தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. பெனியாமினா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐந்து பெயர்கள் வரிசையாக இருக்கவேண்டிய இடத்தில் கொசுக்கால் போல நாலைந்து கீறல்கள். நான்காவது பெயர், அவருடைய பாட்டனார் லேவுதாவின் பெயர், இருந்த சுவடே தெரியவில்லை.

“பென்சில் எழுத்து பெரியவரே. அதுவும் நூறு வருஷத்துப் பென்சிலு. மிஷினு எங்க புடிக்கப்போவுது?” என்றான் கடைக்காரன். “அது மேலயே பேனாவால ஒரு இழுப்பு இழுத்துக் கொண்டாங்களேன்.”

“அது மேல பேனா வைக்க நான் யாரு, நீ யாரு?”

கடைக்காரன் அடுத்த ஆளின் தாளை வாங்கப் போனான். பெனியாமினா நோட்டுப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையாத மனிதர். தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊர்த் தேவாலயத்தில் மூப்பர். தீவுத் தலைநகர் ஆப்பியாவின் வெயிலில் மற்றவர்கள் மர நிழலைத் தேடி ஒதுங்கும்போது அவர் சாலை நடுவில்தான் நடப்பார்.

விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தூலிமாலோ என்பது அவர்கள் குடும்பத் தலைவருக்குச் சூட்டும் பட்டம். அவருடைய அண்ணன் வில்லியாமூ அதை முப்பது வருடம் சுமந்து, இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். பட்டம் வில்லியாமூவின் மகன் யாகோப்போவுக்குத்தான் என்று பெனியாமினா நினைத்திருந்தார். யாகோப்போ தகப்பனுக்குப் பதினைந்து வருடம் சேம்பு சுமந்தவன், மீன் கொண்டுவந்தவன், கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்து வாய் திறக்காமல் சேவகம் செய்தவன். ஆனால் பங்காளி ஓனோசாய் நீதிமன்றத்துக்குப் போனான். லேவுதா பட்டம் சூட்டப்பட்டவரே அல்ல, உண்மையான தலைவர் ஊரில் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மட்டும்தான், அதனால் அவருடைய வம்சத்துக்குப் பட்டத்தில் உரிமை கிடையாது என்பது அவன் வழக்கு.

அதற்குப் பதில் அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. லேவுதாவின் அக்கா சாலோதே எழுதியது. பட்டம் சுமந்தவர்களின் பெயர்கள் ஒரு பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான்காவதாக லேவுதா, பக்கத்தில், குடும்பம் கூடிப் பட்டம் சூட்டிய வருடம்.

அந்தத் தாளின் பின்பக்கத்திலும் சாலோதே எழுதியிருந்தாள். அண்ணன் இறந்த பிறகு புத்தகம் இருந்த பெட்டியைத் திறந்தபோதுதான் பெனியாமினா அதைப் படித்தார். லேவுதாவுக்குப் பிள்ளை இல்லை. பெனியாமினாவின் தகப்பனார், மூன்று மாதக் குழந்தையாகச் சவாயீ தீவிலிருந்து படகில் கொண்டுவரப்பட்டவர். பெற்றவர்களின் பெயர்களையும் சாலோதே எழுதி வைத்திருந்தாள். அவர்கள் இந்தக் குடும்பத்துக்கு ஒரு துளி இரத்தமும் சம்பந்தமில்லாதவர்கள்.

அன்றைக்கு அவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். அண்ணன் முப்பது வருடம் ஊர்க்கூட்டத்தில் தூலிமாலோ பட்டக்காரருக்கென்றே உள்ள தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர். அவர் முன்னால் மரியாதைக் காணிக்கையாக வைக்கப்படாத நுண்பாய் இல்லை, அவர் பேச்சுக்கு எழுந்து நிற்காத ஆள் இல்லை. செத்தபின் அவரை வந்தேறி என்று ஒருவன் சொல்வதைக் கேட்பதைவிடப் பெனியாமினாவுக்குத் தம் காது அறுந்து விழுவது மேல்.

*

மாதாலேனாவின் கடை சந்தைக்குப் பின்னால், மீன் வாடை எட்டும் தூரத்தில் இருந்தது. சாவு வீட்டுப் பதாகைகள், குடும்பங்கள் கூடும் நாளுக்கான சட்டைகள், ரக்பி கொடிகள் என்று எதையும் அச்சடித்துக் கொடுப்பாள். நாற்பது வயதிருக்கும். காதில் செம்பருத்தி செருகிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் ரொட்டியைக் கோகோவில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையை இடுப்பில் சுற்றிய லாவாலாவாவில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“வாங்கய்யா. யாரு தவறிட்டாங்க?”

“யாரும் தவறல. ஒரு பக்கம் நகல் வேணும். ஏழு பிரதி. நீதிமன்றத்துக்கு.”

“அட, உயிரோட இருக்கறவங்க வேலை! எனக்கு அது வந்தே மாசமாச்சு.” அவள் கையை நீட்டினாள். அவர் புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

“நானே வைக்கிறேன். நீ பக்கத்தத் திருப்பப்படாது.”

“சரிய்யா. தொடவே மாட்டேன்.”

அவரே ஸ்கேனரின் கண்ணாடிமேல் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தார். விளக்கு ஒரு முறை ஊர்ந்து போனது. திரையில் சாலோதேயின் எழுத்து கதவளவு பெரிதாக வந்து நின்றது. மஞ்சள் தாளில் சாம்பல் நிறக் கோடுகள்.

“எழுத்து இருக்குய்யா. எங்கயும் போகல. நோஞ்சானா இருக்கு, அவ்வளவுதான். கொஞ்சம் சோறு போட்டுத் தேத்திடலாம்.”

அவள் மவுஸை நகர்த்தினாள். மஞ்சள் வெளுத்தது, சாம்பல் கறுத்தது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் கறுப்பை ஒரு புள்ளி வெளியே தள்ளச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். எழுத்துகள் மழை கண்ட புல் போல மெல்லப் பருத்தன. முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது, பிறகு லேவுதா. பெனியாமினா திரையருகே குனிந்தார். பாட்டனாரின் பெயரை இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் வரிகளுக்கு இடையில் வேறு வரிகள் எழும்பின. மங்கலாக, தலைகீழாக அல்ல, இடவலம் மாறி.

“அது என்ன?”

“பின்பக்கத்து எழுத்துய்யா. தாளு மெல்லிசு இல்லையா, அழுத்தி எழுதியிருக்காங்க. முன்னாடி உள்ளதக் கருப்பாக்கினா பின்னாடி உள்ளதும் கூடவே மேல வந்துடும். கண்ணாடில பாக்கற மாதிரித் திருப்பினா அதையும் படிச்சிடலாம்.” அவள் விரல் ஒரு பொத்தானை நோக்கிப் போனது.

“திருப்பாத!”

கடை வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மாதாலேனா கையை எடுத்துக்கொண்டாள்.

“அழிச்சிடு,” என்றார் அவர், குரலை இறக்கி. “அழுக்கு. அழுக்குதானே அது. அழிச்சிடு.”

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். வெள்ளைத் தூரிகையால் வரிகளின் இடைவெளிகளை ஒன்றொன்றாகத் துடைத்தாள். அரை மணி நேரம் பிடித்தது. அதுவரை அவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“ஆச்சுய்யா. ஏழு பிரதி எடுத்துடவா?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து வரிகள் போய்விட்டன. முன்பக்கம் சுத்தமாக, கறுப்பாக இருந்தது. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஐந்து பெயர்களும் ஒரே தடிப்பில் இருந்தன. சாலோதே பக்கத்தின் அடியில் சாட்சிகளாக எழுதியிருந்த பட்டமில்லாத இரண்டு ஆட்களின் பெயர்களும் அதே தடிப்பில் இருந்தன. வழக்கே எந்தப் பெயருக்காகவோ அந்தப் பெயர், கூலி ஆட்களோடு பந்தியில் உட்கார்ந்தது போல நடுவில் இருந்தது.

“லேவுதாங்கற பேர இன்னும் தடிப்பாக்கு.”

“எல்லாமே நல்லாத் தெரியுதேய்யா.”

“தெரியறது வேற, மரியாதை வேற. சபைல காவா பானம் ஊத்தும்போது எல்லார் பேரையும் ஒரே குரல்லயா கூப்பிடறோம்? தலைவன் கோப்பைக்கு ஊரே கேக்கற மாதிரிக் கூவறதில்லையா?”

“காவாக்கு சரிய்யா. இது கோர்ட்டாச்சே.” அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். “சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. போன மாசம் ஒரு குடும்பம் வந்து பதாகைல பேரத் தடிப்பாக்கு, தடிப்பாக்குன்னு ஒரே பிடிவாதம். கடைசில செத்தவரு மூஞ்சி மறைஞ்சு போச்சு. பேரு மட்டும் பாடை மாதிரிக் கெடக்கு. கோர்ட்டுக்குக் குடுக்கறத எவ்வளவு கம்மியாத் தொடறமோ அவ்வளவு நல்லது. நான் தேத்தினதே போதும்.”

“உங்க அப்பா பேரு நோஞ்சானா நாலு பேர் முன்னாடி நின்னா நீ சும்மா இருப்பியா?”

“எங்கப்பா பேரு கடன்காரங்க வாயிலதான் தடிப்பா இருந்துச்சு,” என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

அந்த ஒரு பெயரை மட்டும் வெட்டி எடுத்தாள். அதன்மேல் அதையே நகலாக வைத்தாள். அதன்மேல் இன்னொன்று. கடைசியில் சுற்றிலும் கறுப்பு விளிம்பு கட்டினாள். எழுத்துகளின் வயிறுகள் அடைத்துக்கொண்டன. வெள்ளைத் தூரிகையால் அவற்றைத் தோண்டித் திறந்தாள். லேவுதா எழுந்து நின்றார். மற்ற நான்கு பேரும் அவருக்குப் பின்னால் ஒதுங்கினாற்போல் இருந்தது.

“இப்பதான் சரி,” என்றார் பெனியாமினா.

*

நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. அவரவர் குடும்பத்துக்கு அவரவரே வாய். ஓனோசாய்க்கு நல்ல வாய். கூட்டங்களில் மூன்று மணி நேரம் பேசி, எதிரியையும் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் பன்றியின் சிறந்த துண்டோடு எழுந்து போகிறவன். பெனியாமினாவைவிட இரண்டு வயது இளையவன். சின்ன வயதில் இருவரும் ஒரே படகில் மீன்பிடித்தவர்கள்.

பெனியாமினா காலையில் பேசி முடித்தார். குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல், நிமிர்ந்து நின்று, வம்சத்தை வரிசையாகச் சொன்னார். பின்வரிசையில் யாகோப்போ வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பாவின் குரல் கூரையில் மோதித் திரும்புவதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்திருந்தது.

பிறகு ஓனோசாய் எழுந்தான். கையில் அந்த நகல்.

“நடுவர்களே, எங்க அண்ணன் பெனியாமினா பேச்சக் கேட்டா எனக்கே பட்டத்தக் குடுத்துடலாம்னு தோணிடும். ஆனா இந்தத் தாளக் கொஞ்சம் பாருங்க.” தாளை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினான். “அஞ்சு பேரு. நாலு பேரு சிலந்தி நூல் மாதிரி. ஒருத்தரு மட்டும் தென்னை மரம் மாதிரி. மத்தவங்கல்லாம் பட்டினியாக் கெடந்தப்ப லேவுதா தாத்தா மட்டும் எங்க போய்ச் சாப்பிட்டாருன்னு அண்ணன் சொல்லணும்.”

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. காவலாளிகூட வாயைப் பொத்திக்கொண்டான். யாகோப்போவின் முகம் சுருங்கியது.

நடுவில் இருந்த நீதிபதி சிரிக்கவில்லை. தம்மிடமிருந்த பிரதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்தின் ஓரங்களைப் பார்த்தார். மற்ற இரண்டு நீதிபதிகளிடம் காட்டினார்.

“பெனியாமினா, இந்தப் பெயர் மற்றதைப் போல இல்லை. இது பிறகு எழுதப்பட்டதா?”

“இல்லை ஐயா. சாலோதேயின் கையெழுத்து. தெளிவாகத் தெரியட்டும் என்று தடிப்பாக்கச் சொன்னேன்.”

“ஒரு பெயரை மட்டும் ஏன்?”

பதில் அவர் நாக்கில் இருந்தது. தலைவன் பெயர் தலைவன் பெயராக நிற்கவேண்டும் என்பது. அந்த அறையில் அது எப்படிக் கேட்கும் என்று முதல் முறையாக அவருக்கு உறைத்தது.

“மூலப் புத்தகம் உங்களிடம் இருக்கிறதல்லவா? இருந்தால் இரண்டு மணிக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.”

புத்தகம் அவர் காலடியில், பையில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்ப அவருக்கு மனம் வந்ததில்லை.

*

வெளியே முற்றத்து மரத்தடியில் அவர் நின்றார். உணவு விற்கும் பெண்கள் வறுத்த மீனையும் வாழைக்காயையும் இலையில் சுற்றி நீட்டினார்கள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். பையின் பிடியை விரல்கள் நெரித்துக்கொண்டிருந்தன.

மங்கலான நகலையே கொடுத்திருந்தால் யாரும் புத்தகத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். மாதாலேனா தேற்றிக் கொடுத்ததோடு விட்டிருந்தால்கூட. இப்போது புத்தகம் மேசைக்குப் போனால் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பார்களா? நீதிபதி திருப்பாவிட்டால் ஓனோசாய் திருப்புவான். லேவுதா பட்டக்காரர் என்று முன்பக்கம் சொல்லும். லேவுதாவுக்கு வாரிசு இல்லை என்று பின்பக்கம் சொல்லும்.

“சித்தப்பா! சித்தப்பா!”

யாகோப்போ வாசலிலிருந்து ஓடிவந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மாதாலேனா வந்தாள்.

“சந்தை வரைக்கும் ஓடிட்டேன். அக்காவக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். அக்காகிட்ட மொதல்ல எடுத்த ஸ்கேன் அப்படியே இருக்காம், எதுவும் தொடாதது! அதுல லேவுதா தாத்தா பேரு இருக்காம். அத நீதிபதிகிட்டக் காட்டினாப் போதும். ஓனோசாய் பெரியவரு மூஞ்சியப் பாக்கணும் அப்ப!”

அவன் சிரித்தான். தகப்பன் வில்லியாமூவுக்கு இருந்த அதே பல் வரிசை.

மாதாலேனா கையைத் திறந்து காட்டினாள். சின்ன நினைவுக் குச்சி ஒன்று.

“யாகோப்போ, எனக்கு ஒரு இளநீர் வாங்கிட்டு வா.”

“இப்பவா?”

“இப்பதான்.”

அவன் ஒன்றும் புரியாமல் போனான். பெனியாமினா குச்சியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நான் படிக்கலய்யா,” என்றாள் அவள், அவர் கேட்பதற்கு முன்பே.

அவள் படித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

“இதுல அந்தப் பின்பக்க எழுத்து இருக்கா?”

“இருக்குய்யா. வெளுப்பாத்தான் இருக்கு. ஆனா கோர்ட்டுல இருக்கற கம்ப்யூட்டர்ல யாராவது கொஞ்சம் கருப்பாக்கினாக்கூட…” அவள் முடிக்கவில்லை. “அத நான் துடைச்சித் தந்துடறேன். பத்து நிமிஷம் போதும்.”

“துடைச்சா மறுபடி கை வச்சதுன்னு சொல்வாங்க.”

“அப்ப துடைக்காமக் குடுங்க. யாரு அவ்வளவு உத்துப் பாக்கப்போறாங்க?”

“ஓனோசாய் பாப்பான். அவன் எடத்துல நான் இருந்தா நானும் பாப்பேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “எடுத்து வளத்தாலும் புள்ள புள்ளதானேய்யா,” என்றாள் மெதுவாக. “எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு இருக்காங்க. இதுல என்ன இருக்கு?”

“உங்க வீட்டுல பட்டம் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது.” கடுமையாகச் சொன்னதை அவரே உணர்ந்தார். குரலைத் தணித்தார். “கடைல, கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடு மகளே. இதையும் அழிச்சிடு. யாரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“அந்தப் பையனுக்கு என்னய்யா சொல்வீங்க?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். யாகோப்போ இளநீரோடு வந்துகொண்டிருந்தான். மாதாலேனா அவனைப் பார்க்காமல், அவனைக் கடந்து, வேகமாக வாசலை நோக்கிப் போனாள்.

“அக்கா! எங்க போறீங்க? சித்தப்பா, அவங்க ஏன் போறாங்க?”

“அவகிட்ட ஒண்ணும் இல்ல,” என்றார் பெனியாமினா. இளநீரை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

*

இரண்டு மணிக்கு அவர் எழுந்து நின்றார். வேதப் புத்தகத்தின்மேல் காலையில் வைத்த கை அது. நாற்பது வருடம் ஞாயிறுதோறும் அதே புத்தகத்தைத் திறந்து வாசித்த மூப்பரின் கை.

“புத்தகத்தைக் கொண்டுவந்தீர்களா?” என்றார் நீதிபதி.

“தேவையில்லை ஐயா. அந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.”

“தடிப்பாக்கச் சொன்னதாகக் காலையில் சொன்னீர்கள்.”

“காலையில் சொன்னது பொய்.”

“புத்தகத்தில் லேவுதாவின் பெயர் இருக்கிறதா, இல்லையா?”

“இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. ஓனோசாய் எதிர்ப்பேச்சு ஒன்று தயார் செய்து வைத்திருந்தான் போலும். பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். அவன் முகத்தில் வெற்றி இல்லை. படகில் கூட வந்தவன் திடீரென்று தண்ணீரில் குதித்துவிட்டதைப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

பெனியாமினா திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தமும், கதவு திறந்து மூடும் சத்தமும் அவருக்குக் கேட்டன.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. பட்டம் ஓனோசாய்க்கு. பொய் ஆவணம் கொடுத்தவர் இனி எந்தக் குடும்ப வழக்கிலும் பேசக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. ஊர்க்கூட்டம் கூடி, ஊருக்கு அவமானம் தேடித்தந்ததற்காக வீட்டின்மேல் பன்றித் தண்டம் போட்டது. யாகோப்போ வளர்த்த பன்றிகள்தான் போயின. தேவாலயத்தில் போதகர் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் மூப்பர் வரிசையில் உட்காரவேண்டாம் என்றார். எவ்வளவு நாள் என்று பெனியாமினா கேட்கவில்லை.

யாகோப்போ அவரோடு ஒரே வீட்டில் இருந்தான், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டான். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. பத்து நாள் கழித்து ஒரு காலையில், சேம்பைச் சீவிக்கொண்டே கேட்டான்.

“எங்கப்பா முப்பது வருஷம் சேத்த பேர ஒரு தாள்ல தொலைச்சிட்டீங்களே சித்தப்பா. ஏன் அப்படிப் பண்ணீங்க? அதமட்டும் சொல்லுங்க.”

“பண்ணிட்டேன்.”

“எனக்காகப் பண்ணீங்களா? நான் கேட்டனா? பட்டம் இல்லாமலே நான் இருந்திருப்பேனே. இப்ப பொய்க்காரன் வீட்டுப் பையன்னு சொல்றானுங்க.”

“சொல்லட்டும்.”

“சொல்லட்டுமாம்!” சீவிய சேம்பைக் கூடையில் எறிந்தான். “நான் மனைவி ஊருக்குப் போறேன். அவங்க அப்பா நிலத்துல வேலை செய்யறேன். அங்க யாரும் எங்கப்பா யாருன்னு கேக்க மாட்டாங்க.”

மனைவி ஊரில் போய் அண்டி வாழ்பவனுக்கு அங்கே என்ன மதிப்பு என்று இருவருக்கும் தெரியும். பெனியாமினா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் உரிமை தமக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை ஓனோசாய் ஆள் அனுப்பினான். இனி அவன் தூலிமாலோ. குடும்பத்தின் வம்சப் புத்தகம் பட்டத்தோடு வரவேண்டியது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாங்கிக்கொள்ள வருவதாகச் செய்தி. வழக்கமும் அதுதான், பெனியாமினாவே அண்ணனுக்கு அப்படித்தான் அதை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் நீதிமன்றத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது நினைவில் இல்லை.

ஞாயிறு விடியற்காலை, கிழங்கு வேகவைக்கும் கற்களைச் சூடாக்கத் தேங்காய் ஓட்டில் நெருப்பு மூட்டும் நேரத்தில், அவர் பெட்டியைத் திறந்தார். சவரக் கத்தியால் அந்தத் தாளைத் தையலோரமாக அறுத்தார். பின்பக்கத்தை மட்டும் எடுத்துவிட ஏதாவது வழி இருக்கிறதா என்று தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். லேவுதாவின் பெயரை ஒரு முறை விரலால் தடவினார். அழுத்தி எழுதிய பள்ளம் தட்டுப்பட்டது. பிறகு அதைக் கற்களுக்கு அடியில் தள்ளினார். காய்ந்த தாள், சட்டென்று பற்றிக்கொண்டது. யாகோப்போ கிழங்குக் கூடையோடு வந்தபோது கற்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

மதியம் ஓனோசாய் தனியாகவே வந்தான். வந்தவனுக்குப் பாய் விரித்தார்கள். பெனியாமினா புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, புதிய தூலிமாலோவிடம் கொடுத்தார். ஓனோசாய் அதை மடியில் வைத்துக்கொண்டு உடனே எழுந்து போகவில்லை. பக்கங்களை மெதுவாகப் புரட்டினான். ஒருமுறை முன்னாலிருந்து, ஒருமுறை பின்னாலிருந்து.

“அண்ணே, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அறுபது வருஷமாப் பாக்கறேன்,” என்றான். “அன்னிக்கு நீங்க இல்லன்னு சொன்னதத்தான் நான் நம்பல. பேரு இருக்கும், வேற ஏதோ விஷயம்னு நினைச்சேன். இருந்திருந்தா நானே உங்க அண்ணன் பையன் யாகோப்போவக் கூட்டத்துல என் பக்கத்துல உக்கார வச்சுக்கலாம்னு…” மறுபடியும் ஒரு பக்கத்தைப் புரட்டினான். “இல்லையே. நெசமாவே இல்லையே.”

வாசல் தூணருகே யாகோப்போ நின்றுகொண்டிருந்தான். தோளில் துணிமூட்டை, பேருந்துக்குப் புறப்பட்டவன். ஓனோசாயின் மடியில் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தான். பிறகு சித்தப்பாவைப் பார்த்தான்.

“நான்தான் சொன்னேனே,” என்றார் பெனியாமினா, யாரைப் பார்த்தும் அல்லாமல். முதுகு நிமிர்ந்தே இருந்தது.

சாலையில் பேருந்து ஹாரன் அடித்தது. யாகோப்போ மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு படியிறங்கினான்.